பகலை இழந்த பிள்ளைகள்: அரிய நோயும் சமூகத்தின் தவறெண்ணமும்

நம் நாட்டின் பொதுவாழ்வு பகலில் நடைபெறுகிறது. வயலும் சந்தையும், அங்கன்வாடியும் பள்ளியும், ஆரம்ப சுகாதார நிலையமும் வட்டாட்சியர் அலுவலகமும் கதிரவன் எழுந்த பின் திறக்கப்பட்டு, அவன் மறையும் வேளையில் மூடப்படுகின்றன. மக்கள் நலத் திட்டங்களின் பயனைப் பெற விரும்புவோர் பகலில் வெளியே வந்தாக வேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத, ஆயினும் எவரும் மீற இயலாத விதியாக உள்ளது. பகல் வெளிச்சமே உடலுக்குத் தீங்கு செய்யும் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அக்குழந்தைக்கு இவ்வமைப்புகள் அனைத்தும் இருந்தும் இல்லாதவையே.

அத்தகைய நோய்களுள் மிகக் கடுமையானது ‘ஜீரோடெர்மா பிக்மென்டோசம்’ என்னும் தோல் நோய். இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனினும், இந்நோய் புகுந்த இல்லங்கள் படும் துன்பத்தில் ஒரு பகுதியே நோயால் விளைவது; மற்றொரு பகுதி அண்டை அயலாரின் தவறெண்ணத்தால் விளைவது. முதற்பகுதியைக் குறைக்கச் சிறிதளவு பொருளும் விடாத கவனமும் வேண்டும். இரண்டாம் பகுதியைக் குறைப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சரியான செய்தி, உரியவர் வாயிலாக, உரிய இடத்தில் கூறப்பட வேண்டும். அவ்வாறு கூறப்படாவிடில், தவறெண்ணம் மனத்தைப் புண்படுத்துவதோடு நில்லாது, நோயைப் பெருக்கும் வழியாகவும் அமைந்துவிடுகிறது. இதனை எளிய கணக்கு ஒன்றின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

1870ஆம் ஆண்டுகளில் வியன்னா நகரின் தோல் மருத்துவ அறிஞர்களான ஹெப்ராவும் கப்போசியும் இந்நோயை முதன்முதலில் விவரித்தனர். வறண்ட, நிறப்புள்ளிகள் படர்ந்த தோல் என்பது இப்பெயரின் பொருள். இதன் காரணம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் விளங்காதிருந்தது. 1968இல் ஜேம்ஸ் கிளீவர் என்னும் அறிவியலார் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு அதனை வெளிப்படுத்தியது.

கதிரவன் ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் கலந்துள்ளன. அவை தோலின் உயிரணுக்களில் அடங்கியுள்ள டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. இச்சிதைவு நம் அனைவருக்கும் நாள்தோறும் நேர்வதே. சிதைந்த பகுதியை வெட்டி நீக்கிப் புதிய பகுதியை இணைத்துக்கொள்ளும் ஆற்றல் உயிரணுக்களுக்கு இயல்பாகவே உண்டு. இவ்வாற்றலின் நுட்பத்தை விளக்கிய அசீஸ் சான்சார் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். சிதைவைச் சமாளிக்கும் இப்பணியோடு தொடர்புடைய எட்டு மரபணுக்களுள் ஏதேனும் ஒன்று பழுதுபட்டிருந்தால் இந்நோய் தோன்றுகிறது. சிதைவு சேர்ந்துகொண்டே போகிறது. தோல் இளமையிலேயே முதுமையடைகிறது. பின்னர்ப் புற்றுநோய் தோன்றுகிறது.

குழந்தை இரண்டு வயதை எட்டு முன்னரே முகத்திலும் கைகளிலும் புள்ளிகள் தோன்றுவது முதல் அறிகுறி. ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிறிது நேர வெயிலிலேயே தீக்காயம் போன்ற கொப்புளங்கள் எழுகின்றன. மற்றவர்களுக்கு அவ்வாறு எழுவதில்லையாதலால் நோய் காலம் கடந்தே அறியப்படுகிறது. வெளிச்சம் கண்டு கண் கூசுதலும், நாளடைவில் கருவிழி மங்குதலும் உண்டு. தக்க பாதுகாப்பின்றி வளரும் பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்கு முன்னரே தோல் புற்றுநோய் வருவதுண்டு. இருபது வயதுக்குட்பட்டோரிடையே அவ்வாபத்து ஏனையோரைக் காட்டிலும் பல ஆயிரம் மடங்கு மிகுதி. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்குச் செவித்திறன் குறைதல் முதலிய நரம்பு மண்டலப் பாதிப்புகளும் நேர்கின்றன. எஞ்சியோர் அறிவாற்றலில் எவருக்கும் குறைந்தவரல்லர்.

அமெரிக்காவில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒருவருக்கும், ஜப்பானில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒருவருக்கும் இந்நோய் காணப்படுகிறது. பிரேசில் நாட்டின் கொயாஸ் மாநிலத்தைச் சேர்ந்த அராராஸ் என்னும் சிற்றூரில், சில நூறு மக்களிடையே இருபது பேருக்கு இந்நோய் இருந்தது. ஒரே முன்னோர் வழிவந்த குடும்பங்கள் தமக்குள்ளேயே மணம் புரிந்துவந்தமையே காரணம். உண்மை தெரியவரும் வரை அங்கும் இந்நோய்க்கு வெவ்வேறு காரணங்கள் கற்பிக்கப்பட்டன. தவறெண்ணம் எந்த ஒரு நாட்டிற்கும் தனியுரிமையன்று.

ஒரு மாதிரிக் குடும்பம்

நம் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இந்நோய் எவ்வாறு சமூகச் சிக்கலாக உருவெடுக்கக்கூடும் என்பதை விளங்கிக்கொள்ள, தக்காணத்தின் வறண்ட வட்டாரம் ஒன்றில் வாழும் உழவுத் தொழிலாளர் குடும்பத்தைக் கருதுவோம். இது குறிப்பிட்ட எந்தக் குடும்பமும் அன்று. விளக்கத்திற்காக வகுத்துக்கொண்ட மாதிரியே. கணவனும் மனைவியும் அத்தை மகனும் மாமன் மகளும் ஆவர். மூன்று பிள்ளைகள். பத்தொன்பது வயதான மூத்த மகளுக்கு உடலில் குறை ஏதும் இல்லை. ஒன்பது வயது மகனுக்கும் ஐந்து வயது இளைய மகளுக்கும் நோய் உள்ளது.

மகனின் முகத்தில் புள்ளிகள் பெருகியபோது ஊரார் முதலில் தொழுநோய் என்றனர். சிலர் கருவுற்றிருந்த காலத்தில் தாய் கிரகண வேளையில் வெளியே வந்ததன் விளைவு என்றனர். வேறு சிலர் குலதெய்வக் குற்றம் என்றனர். இரண்டாம் குழந்தைக்கும் அவ்வாறே ஆனதும், பழி முழுவதும் தாயின் மேல் விழுந்தது. பொதுக் குழாயில் அவளுடைய குடம் தள்ளிவைக்கப்பட்டது. பள்ளியில் பிற பிள்ளைகளின் பெற்றோர் முறையிடவே, மகன் வகுப்பறைக்கு வெளியே வராந்தாவில் அமர்த்தப்பட்டான். தொற்றைத் தவிர்ப்பதாக எண்ணிச் செய்யப்பட்ட இவ்வேற்பாடு, அவன் எங்கே இருத்தல் கூடாதோ அவ்விடத்திலேயே, அதாவது வெளிச்சத்திலேயே, அவனைக் கொண்டுபோய் அமர்த்தியது. சில மாதங்களில் அவன் பள்ளியை விட்டு நின்றான். இளையவளைச் சேர்ப்பதா வேண்டாவா என்பது இப்போது அவ்வில்லத்தின் முன்னுள்ள முதற்கேள்வி. மூத்தவளுக்கு வந்த வரன்கள் வீட்டைக் கண்டதும் திரும்பிவிட்டன. அவளுக்கு என்ன வழி என்பது இரண்டாம் கேள்வி.

தவறெண்ணமும் உண்மையும்

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. ஒரே தட்டில் உண்டாலும், ஒரே பாயில் உறங்கினாலும், ஒரே குழாயில் நீர் பிடித்தாலும் பரவாது. கிரகணத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. தாய் மட்டுமே காரணம் என்பதும் பிழை. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக, பழுதுபட்ட மரபணு இரண்டும் வந்து சேர்ந்தாலன்றி நோய் தோன்றாது. இருவர் பங்கும் சமம். இருவர் குற்றமும் ஏதுமில்லை.

தொழுநோயோடு இதனைக் குழப்பிக்கொள்வது இரட்டைத் தவறு. முதலாவதாக, இது தொழுநோய் அன்று. இரண்டாவதாக, தொழுநோயே ஆயினும் ஒதுக்கிவைப்பதற்கு இன்று நியாயமில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சையால் அது முற்றிலும் குணமாகிறது, அச்சிகிச்சை இலவசமாகவும் கிடைக்கிறது. ஒதுக்கிவைத்தலுக்கு இடமளித்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்கிற்குரிய காரணமாக வைத்திருந்த பிரிவுகள் 2019இல் நீக்கப்பட்டன. ஆனால், சட்டப் புத்தகத்திலிருந்து அகன்றது ஊர் வழக்கிலிருந்து இன்னும் அகன்றபாடில்லை.

கணக்கு கூறும் செய்தி

பழுதுபட்ட மரபணு ஒன்றை மட்டும் உடையோர் நோயின்றி வாழ்வர். தாம் அதைச் சுமப்பதையும் அறியார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்பதும், நிச்சயம் வரும் என்பதும் ஒருங்கே தவறு.

நோய் பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வருவதாகக் கொண்டால், மரபியல் கணக்கின்படி மக்களுள் ஏறத்தாழ 500 பேரில் ஒருவர் இம்மரபணுவைச் சுமப்பவராவார். உடன்பிறந்தாரின் மக்கள் தமக்குள் மணந்தால், அவர்தம் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 16,000இல் ஒன்றாக உயர்கிறது. தாய்மாமனுக்குப் பெண் கொடுத்தால் ஏறத்தாழ 8,000இல் ஒன்றாகிறது. உயர்வு பன்மடங்கே, ஆயினும் மிகப் பெரும்பான்மையான உறவுமுறைத் திருமணங்களில் இந்நோய் தலைகாட்டுவதில்லை என்பதும் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாடு முழுவதும் ஏறத்தாழ 11 விழுக்காடு திருமணங்கள் உறவுமுறையில் நிகழ்ந்தவை. தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் இவ்விழுக்காடு கால் பங்கைக் கடந்தது. எனவே உறவில் மணந்தோர் அனைவரையும் பழிப்பது அறிவுடைமை ஆகாது. நோய் வெளிப்பட்டுவிட்ட குடும்பங்களுக்கு மட்டும் தெளிவான அறிவுரை கூறுவதே பொருத்தமாகும்.

இனி, மாதிரிக் குடும்பத்தின் மூத்த மகளைக் கருதுவோம். அவளுக்கு நோய் இல்லை. அவள் மரபணுவைச் சுமப்பவளாயிருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. உறவல்லாத குடும்பத்தில் அவள் மணம் புரிந்தால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, ஐந்நூற்றில் ஒன்று, நான்கில் ஒன்று ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். அதாவது 3,000இல் ஒன்று. அவளைக் கண்டு அஞ்சித் திரும்பிய வரன்களின் அச்சத்திற்கு அடிப்படை இவ்வளவே.

வெளியார் மறுத்துவிட்டதால் பெற்றோர் என் செய்வர்? சொந்தத்திலேயே முடித்துவிடத் துணிவர். தாயின் உடன்பிறந்தான் மரபணுவைச் சுமப்பவனாயிருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவனுக்கே அவளை மணமுடித்தால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 12இல் ஒன்று. தாய்மாமன் மகனுக்குக் கொடுத்தால் 24இல் ஒன்று. மூவாயிரத்தில் ஒன்றாயிருந்த ஆபத்தைப் பன்னிரண்டில் ஒன்றாக, இருநூற்றைம்பது மடங்காக, உயர்த்தியது இயற்கையன்று. ஊராரின் மறுப்பே ஆகும். நோய்க்கு அஞ்சி ஒரு குடும்பத்தை ஒதுக்கும் சமூகம், அந்நோயை அடுத்த தலைமுறைக்கும் தானே வழியமைத்து அனுப்பிவைக்கிறது. தவறெண்ணத்தை அகற்றுவது இரக்கத்தின்பாற்பட்ட செயல் மட்டுமன்று, நோய்த் தடுப்பும் ஆகும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

குடும்பத்தின் வரவு செலவு

இந்நோயில் பாதுகாப்பே சிகிச்சை. நெருக்கமாக நெய்த முழுக்கை ஆடை, கையுறை, அகன்ற தொப்பி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் முகத்திரையும், தோலில் பூசும் காப்புக் களிம்பு ஆகியவை நாள்தோறும் தேவை. சாதாரணச் சன்னல் கண்ணாடி இக்கதிர்களை முழுவதும் தடுப்பதில்லையாதலால், அதன்மேல் தடுப்புப் படலம் ஒட்ட வேண்டும். மேகமூட்டமுள்ள நாளிலும் கவனம் தளரலாகாது. வெயில் படாத உடலுக்கு வைட்டமின் டி குறையுமாதலால் அதனையும் மருந்தாகத் தர வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை தோலையும் கண்ணையும் மருத்துவரிடம் காட்டி, ஐயத்திற்குரிய கட்டிகளை உடனே நீக்கிவிட வேண்டும். இவற்றை விடாது கடைப்பிடித்தோர் பல ஆண்டுகள் நலமாக வாழ்ந்துள்ளனர்.

இச்செலவினங்கள் ஒவ்வொன்றும் சிறியவை, ஆனால் முடிவில்லாதவை. நாட்கூலியில் வாழும் குடும்பத்தில் களிம்பு வாங்கும் பணம் அரிசி வாங்கும் பணத்தோடு போட்டியிடுகிறது. பிள்ளைகளைப் பள்ளி ஏற்காதபோது தாய் பகல் முழுவதும் வீட்டிலிருக்க நேர்கிறது. இருவர் கூலி ஒருவர் கூலியாகச் சுருங்குகிறது. செலவு உயரும் அதே வேளையில் வரவு குறைகிறது. வரவின் குறைவுக்குக் காரணம் நோயன்று, பள்ளியின் மூடிய கதவு என்பது கவனிக்கத்தக்கது. களிம்பு நின்றுபோனால் சில ஆண்டுகளில் அறுவை சிகிச்சை வந்து நிற்கும். அது குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும்.

சட்டமும் கொள்கையும்

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அண்மைப் பள்ளியில் இடம் பெறும் உரிமையை அளித்துள்ளது. தோலின் நிறமோ புள்ளியோ அவ்வுரிமையைப் பறிக்க இயலாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வி நிலையங்கள் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர வேண்டும் என வற்புறுத்துகிறது. ஆயினும் அச்சட்டத்தின் அட்டவணையிலுள்ள 21 குறைபாடுகளுள் இந்நோய் பெயர் சுட்டி இடம்பெறவில்லை. பார்வையோ செவித்திறனோ பெருமளவு குன்றிய பின்னரே குழந்தை சான்றிதழுக்குத் தகுதி பெறுகிறது. குன்றாமல் காக்க வேண்டிய காலத்தில் உதவியின்றி, குன்றிய பின் உதவி கிட்டும் இந்நிலை சிந்தனைக்குரியது.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வெளியிடப்பட்டது. நோய்களைச் சிகிச்சையின் தன்மைக்கேற்ப மூன்று பிரிவுகளாக வகுத்த அக்கொள்கையின்கீழ், நிதி உதவியின் உச்ச வரம்பு 2022இல் ரூ.50 இலட்சமாக உயர்த்தப்பட்டது. விலை மிகுந்த மருந்தும் உறுப்பு மாற்றமும் தேவைப்படுவோர்க்கு இது பெரும் ஆதரவு. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உதவுகிறது. ஆனால் களிம்பும், கண்ணாடியும், சன்னல் படலமும் மருத்துவமனைப் படுக்கையில் கிடத்தித் தரப்படுபவை அல்ல. பெருந்தொகைக்கு வழி உண்டு. சிறுதொகைக்கு வழி அரிது. அச்சிறுதொகை பின்னாளின் பெருந்தொகையைத் தவிர்க்க வல்லது என்பதைப் பொருளாதாரம் பயின்றோர் எளிதில் உணர்வர்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, நோயை இளமையிலேயே கண்டறிதல் வேண்டும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பிறவிக் குறைகளை ஆராய்கின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் முகத்தில் புள்ளிகளும் கண் கூச்சமும் ஒருங்கே காணப்படின் தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்னும் ஒரு வரிக் குறிப்பு, அங்கன்வாடிப் பணியாளரின் கையேட்டில் இடம்பெற்றால் பெரும் பயன் விளையும்.

இரண்டாவதாக, பள்ளியின் ஏற்பாடுகள். ஒரு வகுப்பறையின் சன்னல்களுக்குத் தடுப்புப் படலம் ஒட்டுதல், குழந்தையைச் சன்னலுக்கு அப்பால் அமர்த்துதல், எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்துதல், திடலில் நடக்கும் இறைவணக்கத்திலிருந்தும் விளையாட்டு வேளையிலிருந்தும் விலக்களித்தல், தொப்பிக்கும் முகத்திரைக்கும் இசைவளித்தல் ஆகியவை தலைமை ஆசிரியரின் அதிகார எல்லைக்குள் அடங்குபவை. பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் மருத்துவ அலுவலர் ஒருவர் அரை மணி நேரம் பேசி, பிற பெற்றோரின் ஐயங்களுக்கு விடையளித்தால் வராந்தாவில் அமர்த்தும் கொடுமைக்கு இடமிராது. உடல்நிலை இடந்தராத மாணவர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகத் தேர்வெழுதும் வழியும் உண்டு. ஆயினும் அது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும். பள்ளி தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியாக அமைதல் கூடாது.

மூன்றாவதாக, மருத்துவமனையின் நேரம். தோல் நோய்க்காக வெயிலில் பேருந்தேறி, வரிசையில் நின்று, நோயை மிகுதியாக்கிக்கொண்டு திரும்புவது பொருந்தாச் செயல். இக்குழந்தைகளுக்கு மாலை வேளையில் நேரம் ஒதுக்கலாம். இடைப்பட்ட ஆலோசனைகளுக்கு இ-சஞ்சீவனி தொலை மருத்துவச் சேவையைப் பயன்படுத்தலாம்.

நான்காவதாக, மரபியல் ஆலோசனை. 2019இல் உயிரித் தொழில்நுட்பத் துறை தொடங்கிய ‘உம்மீத்’ முயற்சியின்கீழ் மரபு நோய்களைக் கண்டறியும் மையங்கள் அரசு மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டன. நோயுற்ற குழந்தையோடு ஆலோசனை நின்றுவிடலாகாது. மணப்பருவத்திலுள்ள உடன்பிறந்தாரையும், தாய் தந்தையரின் உடன்பிறந்தாரையும் அழைத்து, மேலே கண்ட கணக்கை அவர்கள் மொழியில் விளக்க வேண்டும். நோய்க்குக் காரணமான மரபணு ஒரு குடும்பத்தில் அறியப்பட்டுவிட்டால், எவர் அதைச் சுமப்பவர் என்பதை இரத்தச் சோதனையால் தெளிவாகவே அறியலாம்.

ஐந்தாவதாக, பாதுகாப்புப் பொருள்களை மருந்துகளுக்கு இணையாகக் கருதி, நோயுறுதி செய்யப்பட்ட பிள்ளைகளுக்கு மாவட்ட மருத்துவமனை வாயிலாக மாதந்தோறும் வழங்குவதற்கு மாநில அரசுகள் வகை செய்யலாம். எண்ணிக்கை மிகக் குறைவாதலால் இதற்காகும் செலவும் குறைவே. அரிய நோய் என்பது புறக்கணிப்பதற்கான காரணமன்று. குறைந்த செலவில் முழுமையாக உதவ இயலும் என்பதற்கான காரணமாகும்.

பிற நாடுகளில் பெற்றோரே ஒன்றுகூடிச் சாதித்தவை நமக்கு ஊக்கமளிப்பவை. பிரான்சில் ‘நிலவின் பிள்ளைகள்’ என்னும் பெயரால் பெற்றோர் சங்கம் அமைத்துள்ளனர். அமெரிக்காவில் கதிரவன் மறைந்த பின் தொடங்கி விடியுமுன் முடியும் சிறுவர் முகாம்கள் நடத்தப்பட்டுள்ளன. அங்கே இப்பிள்ளைகள் முகத்திரை இன்றி ஓடி விளையாடினர். நம் நாட்டில் கோயில் திருவிழாவும், தெருக்கூத்தும், கோடைக்காலக் கிராமத்து உரையாடலும் இரவில் நடைபெறும் மரபு ஏற்கெனவே உள்ளது. இப்பிள்ளைகள் பிறரோடு கலந்து பழகுவதற்கு ஏற்ற வேளைகள் நம் ஊர்களில் இல்லாமலில்லை. உடனிருப்போர் இடந்தர வேண்டும்.

மாதிரிக் குடும்பத்தின் முன்னிருந்த இரு கேள்விகளுக்கும் விடை இப்போது தெளிவாகும். இளைய மகளைப் பள்ளியில் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும், சேர்த்துக்கொள்ளப் பள்ளி கடமைப்பட்டுள்ளது. மூத்த மகளை உறவுக்கு வெளியே தயக்கமின்றி மணமுடிக்கலாம்; அவளை மணப்போர் அஞ்சுவதற்கு இடமில்லை. இவ்விரு விடைகளையும் பெற்றோர் அறிந்திருந்தால் மட்டும் போதாது. ஆசிரியரும், அங்கன்வாடிப் பணியாளரும், ஊராட்சித் தலைவரும், அண்டை வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும். அவர்களிடம் இச்செய்தியைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு, பகல் முழுவதும் திறந்திருக்கும் நம் அலுவலகங்களைச் சார்ந்தது.